மூன்றாவது மிதி இல்லாத லாரி

"…ஏறலைன்னா நானே இறங்கிக்கிடுதேன், மொதலாளி. நீங்க வாயத் தொறந்து சொல்ல வேண்டாம். ஆனா ஏறுத வரைக்கும் ஒருத்தரும் கூப்பாடு போடக் கூடாது, கேட்டியளா?"

சொன்னவர் மிக்கேல் அண்ணன். லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னார். கீழே நாங்கள் மூன்று பேர் நின்றோம். காண்ட்ராக்டர் மாணிக்கம், அவர் பக்கத்தில் நான், பின் சக்கரத்தருகே முட்டுக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ராஞ்சிக்காரர் பிர்சு.

லாரியின் முதுகில் மூன்று படாக் மரங்கள். முன்னால் செம்மண் ஏற்றம். மழைக்காலம் பிறக்கப் போகும் நேரம் என்பதால் காற்றில் ஈரமும், அறுத்த மரத்தின் மிளகு போன்ற நெடியும் கலந்து வந்தன.

மாணிக்கம் வெற்றிலைச் சாற்றைத் துப்ப வேண்டியிருந்தும் துப்பாமல் நின்றார். கூப்பாடு போடக் கூடாது என்றால் துப்பவும் கூடாது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த ஏற்றம் மத்திய அந்தமானில், ரங்கத்துக்கு இந்தப் பக்கம், லாங் ஐலண்டைப் பார்த்த கரையில் இருந்தது. காட்டில் வெட்டிய மரம் ஜெட்டிக்குப் போக வேண்டுமானால் அந்த மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

அன்று அது ஏறுமா என்பதுதான் கேள்வி. ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காணாமல் போன மிதி

வருஷம் சரியாக நினைவில்லை. அறுபதுகளில் எப்போதோ. கல்கத்தாவில் ராணுவம் கழித்த வண்டிகளை விற்கும் டிஸ்போசல் ஏலத்தில் மாணிக்கம் இரண்டு லாரிகள் எடுத்தார். பச்சைப் பெயின்ட், ஆள் உயரச் சக்கரம். கப்பலில் வந்து இறங்கியபோது எங்கள் மரம்வெட்டுக் கேம்ப்பே ஜெட்டிக்குப் போய் நின்றது.

அப்போதிருந்த டிரைவர் ஏறி உட்கார்ந்தார். காலைத் துழாவினார். குனிந்து பார்த்தார். பிரேக் இருக்கிறது, ஆக்சிலேட்டர் இருக்கிறது, கிளட்ச் மிதி இல்லை. அடுத்த வண்டியிலும் இல்லை.

"கப்பல்ல களவாண்டுட்டானுங்கய்யா!" என்றார் மாணிக்கம். மதுரைப் பக்கத்துக்காரர்; களவு என்றால் அவருக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். இரண்டு லாரியிலும் ஒவ்வொரு மிதி காணவில்லை என்று கப்பல் ஆபீசுக்குப் புகார்க் கடிதமே போனது. எழுதிக் கொடுத்தது நான்தான். அதற்குப் பதில் வரவில்லை. வாங்கிப் படித்தவர்கள் அன்று எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன்.

இப்போது நான் இருக்கும் போர்ட் பிளேர் லம்பா லைனில், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கிளட்ச் மிதி இல்லாத கார் வைத்திருக்கிறார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு அது தீவு முழுக்கப் பேச்சு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் லாரி! அதற்கு 'எண்ணெய் கியர்' என்று பெயர் வைத்தோம். முதல் டிரைவர் நாலு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது வண்டியா தொட்டிலா? உக்காந்தா தூக்கம் வருது" என்று சொல்லி வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டில் ஒரு லாரி சீக்கிரமே என்ஜின் போய்க் காட்டோரம் கொடி படர்ந்து கிடந்தது.

மற்றதற்கு வந்தவர் மிக்கேல் அண்ணன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். அவர் அப்பன் பாட்டன் எல்லாம் வலைக்காரர்கள். இவருக்குக் கடலில் ஏறினால் குமட்டும். "எங்கய்யா என்னப் பார்த்து, 'உன்னயக் கடலு தள்ளிருச்சு, ரோட்டப் பாருலே'ன்னுட்டாரு" என்பார். ரோட்டைப் பார்ப்பதற்காக நாலு நாள் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே அந்தமான் வந்து சேர்ந்த ஒரே ஆள் அவர்.

வேறொரு காண்ட்ராக்டரிடம் சாதாரண லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, சங்கிலி அறுந்து ஒரு குர்ஜன் மரம் அவருடைய இடது காலில் உருண்டது. போர்ட் பிளேரில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது கால் இருந்தது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை, பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அவருடைய மனைவி ஞானப்பூ அக்கா சொன்னதை அப்போதே என் நோட்டில் குறித்து வைத்தேன். "கால் போன மனுசனுக்குன்னு ஆண்டவரு ஒரு லாரிய அனுப்பியிருக்காரு. அதையும் ஏலத்துல அனுப்பியிருக்காரு பாத்தியளா!"

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். இடது காலைக் கையால் தூக்கிக் கதவோரமாக நீட்டி வைத்தார். வலது காலால் ஓட்டினார். நான் அறிந்தவரை அந்தத் தீவுகளில் அவர் ஓட்டக்கூடிய லாரி அது ஒன்றுதான்.

அப்பளக் கட்டு

நான் அந்தக் கேம்ப்புக்கு மெக்கானிக்காகப் போகவில்லை. சமையல்காரனாகப் போனேன். சேலத்தில் ஒரு மெஸ்ஸில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவன். ஜெனரேட்டர் நின்றுபோனால் இருட்டில் சமைக்க வேண்டியிருந்ததால் ஜெனரேட்டரைப் பிரித்துப் பழகினேன். பிறகு பம்ப், பிறகு லாரி. கரண்டியை எந்த வருஷம் கீழே வைத்தேன், ஸ்பேனரை எந்த வருஷம் எடுத்தேன் என்று எல்லைக்கோடு போட முடியாது. மாணிக்கம் ஒருநாள் "மேஸ்திரி" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து மேஸ்திரி.

எண்ணெய் கியரைப் பிரித்தபோது எனக்குச் சமையலறைதான் கை கொடுத்தது. மிதி இல்லை என்றால் கிளட்ச் இல்லை என்று அர்த்தமில்லை. அது பெட்டிக்கு உள்ளே எண்ணெயில் மூழ்கி இருக்கிறது. அப்பளக் கட்டு மாதிரி வட்டத் தட்டுகள். ஒன்று வழவழப்பான எஃகு, அடுத்தது உராய்வுப் பூச்சு போட்டது, மறுபடி எஃகு, மறுபடி பூச்சு. எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்தத் தட்டுக் கட்டை நெருக்கும். நெருக்கினால் எல்லாத் தட்டும் ஒன்றாகச் சுற்றும், வண்டி நகரும். நெருக்கம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி நிற்கும்.

எங்கள் வண்டி வழுக்க ஆரம்பித்தது. எண்ணெயைத் தொட்டு முகர்ந்தால் தீய்ந்த நல்லெண்ணெய் வாடை. தட்டு தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மாணிக்கம் கல்கத்தா வியாபாரிக்குத் தட்டுக்காக எழுதினார். எழுதி, பதில் வந்து, சாமான் வருவதற்குள் பல மாதம் ஆகும்.

அந்த மாதங்களில் அண்ணன் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும். பிர்சுவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மாணிக்கத்துக்கு மட்டும் தெரியாது.

வழிவிட்ட ஊர்

வழுக்குகிற வண்டி நின்ற இடத்திலிருந்து சுமையோடு ஏற்றத்தில் கிளம்பாது. ஆனால் சமதரையில் ஓட்டம் எடுத்து வந்தால், அந்த வேகத்திலேயே ஏறிவிடும். நடுவில் நிற்காமல் இருந்தால் போதும்.

ஆகவே அண்ணன் நிற்பதை விட்டுவிட்டார். மரக்கிடங்கு முனையிலிருந்தே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டால் ஏற்றத்தில் போகிற வங்காளிக் குடும்பங்கள் மாட்டை ஓரம் கட்டும். விறகுக்காரப் பெண்கள் பள்ளத்தில் இறங்கி நிற்பார்கள். தெலுங்குக்காரர் ஒருவர் சைக்கிளைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு புதரில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"லங்டா பாயி ஆ ரஹா ஹை, ஹட்டோ ஹட்டோ!" என்று பிர்சு முன்னால் ஓடுவார். நொண்டி அண்ணன் வருகிறார், விலகு விலகு என்று அர்த்தம். அந்தச் சொல்லில் ஏளனம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆனால் பிர்சு சொன்னால் அண்ணன் சிரிப்பார். வேறு யாராவது சொன்னால் ஸ்பேனர் பறக்கும்.

யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஏன் அப்படி வருகிறார் என்று மாணிக்கத்திடம் ஒருத்தரும் போட்டுக் கொடுக்கவும் இல்லை. மாணிக்கம்கூட ஒருமுறை பெருமையாகச் சொன்னார்: "என்னமா பறக்குறான் பாத்தியா, காலு ரெண்டும் இருந்தப்பக்கூட இந்த வேகம் இல்ல!"

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைத்தார். ஒரு கர்ப்பிணிப் பெண் பள்ளத்தில் இறங்கும்போது சறுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். "எனக்கு நிறுத்த முடியல மேஸ்திரி. நிறுத்துனா பெறத்தால உருளும். அவ எந்திரிச்சு சேலயத் தட்டிக்கிட்டு, 'போங்க போங்க'ன்னு எனக்குக் கை காட்டுதா. எனக்கு!"

பிறகு ஒரு காலை, காற்றில் முறிந்த கிளை ஒன்று ஏற்றத்தின் நடுவில் கிடந்தது. நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. கிளையை இழுத்துப் போட்டபின் வண்டி கிளம்பவில்லை. என்ஜின் கத்தக் கத்தப் பின்னால் உருண்டு பள்ளத்தில் பின் சக்கரத்தை இறக்கியது. சுமந்து வந்த மரம் ஒன்று சரிந்து விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அன்று மாணிக்கம் ஜீப்பில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

மறுநாளே அவர் போர்ட் பிளேர் போய், ஷாதிபூரில் பழைய லாரிகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து சாதாரண கியர் பெட்டி ஒன்றை வாங்கி வந்து என் கொட்டகையில் இறக்கினார். கூடவே ஒரு மிதி. மூன்றாவது மிதி.

"கல்கத்தாச் சாமான் வரட்டும், மாட்டிப் பாரு. சரியாச்சுன்னா சந்தோசம். ஆகலேன்னா எண்ணெய் கியரக் கழட்டி எறிஞ்சுட்டு இத மாட்டு. மழைக்கு முன்னாடி மரம் ஜெட்டிக்குப் போயாகணும்யா. மிக்கேலுக்கு நான் வேல தராம இல்ல. கிடங்குல காவலுக்கு இருக்கட்டும்."

மாணிக்கத்தைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் சொன்னது நியாயம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "மரம் எங்க மொதலாளி எந்திரிச்சு ஓடப் போவுது, அதுக்கு எதுக்குக் காவலு?" என்று மட்டும் கேட்டார்.

கழுவாமல் தொடாதே

தீவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் வந்த எந்த இரும்புச் சாமானையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் தொட மாட்டோம். கப்பலின் அடித்தளத்தில் ஈரம், கப்பலிலிருந்து டுங்கி என்ற சிறு படகுக்கு மாற்றும்போது அலை, டுங்கியிலிருந்து ஜெட்டிக்கு வரும்போது தெறிப்பு. உப்பு ஏறிய இரும்பைக் கழுவாமல் மாட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆகவே மழைத் தண்ணீரில் ஊறப் போட்டு, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி எடுத்து வைப்போம். நட்டு, போல்ட், தையல் மெஷின், அரிவாள் எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. என் கொட்டகைக் கதவிலேயே சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: 'கப்பல் சாமான். கழுவாமல் தொடாதே.'

கல்கத்தாப் பெட்டி வந்த அன்று நான் ஜெனரேட்டர் வேலையாக வேறு கேம்ப்பில் இருந்தேன். அண்ணனே ஜெட்டிக்குப் போய் வாங்கினார். டுங்கியில் பெட்டி நன்றாக நனைந்துவிட்டதாம். அட்டை ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அத்தனை மாதம் காத்திருந்த பொருள் அல்லவா? வழக்கமாக ஒரு நாள் ஊறப் போடுவதை இரண்டு நாள் ஊறப் போட்டார். மழைத் தண்ணீர் டிரம்மில், ஒவ்வொரு தட்டாக. பிறகு தகரக் கூரைமேல் வரிசையாகக் காயவைத்தார். உச்சி வெயில்.

நான் திரும்பி வந்தபோது கூரையில் வட்ட வட்டமாக ஏதோ வடகம் காய்வது போல இருந்தது. ஒன்றை எடுத்தேன். பூச்சு என் விரலோடு வந்தது.

பழைய தட்டில் பூச்சு என்பது பித்தளைத் தூள் அழுத்தியது. உலோகம். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தட்டைச் செய்வது நின்றுபோய், அதற்குப் பதிலாகப் புது மாதிரி அனுப்பியிருந்தார்கள். இதில் பூச்சு பழுப்பாக, கிட்டத்தட்ட அட்டைதான். எண்ணெயில் கிடந்தால் பழையதைவிட நன்றாகப் பிடிக்குமாம். தண்ணீர் குடித்தால் ஊதிவிடும். ஊதியதை வெயிலில் போட்டால் கழன்றுவிடும்.

பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊற வைக்கவும் என்று இருந்தது. தண்ணீரில் கழுவாதீர்கள் என்று இல்லை. மெயின்லேண்டில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதியவருக்கு, கிளட்ச் தட்டைக் கழுவிக் காயப்போடும் மனிதர்கள் இருப்பார்கள் என்று தோன்றியிருக்க நியாயமில்லை.

அண்ணன் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எழுதிப் போட்டது நீரு. கழுவுனது நானு. ரெண்டு பேரும் சேந்து முழுகிட்டோம், வே."

மாணிக்கம் வந்து பார்த்தபோது, யார் செய்தது என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து தொவைக்க அது என்ன கல்யாணப் பட்டாய்யா?" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த பெட்டி வர எத்தனை கப்பல் ஆகும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "ஞாயித்துக்கிழம வரைக்கும் என்னமோ பண்ணு. திங்கக்கிழம காலையில சொமையோட ஏறிக் காட்டணும். ஏறலேன்னா மத்தியானமே அந்த சாதா கியர் பொட்டிய மாட்டு."

படத்துக் கண்ணாடி

அது வியாழன்.

தட்டு போனதும் கல்கத்தாப் பெட்டியில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒரு புது பிஸ்டன். வளையல் மாதிரி கறுப்பு ரப்பர் வளையங்கள். இவையும் புது மாதிரிதான். தண்ணீரில் கிடந்தும் கெடவில்லை. பழைய வளையத்தைக் கழற்றி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். பழையது கல் மாதிரி இறுகி, வளைத்தால் உடைந்தது. புதியது இழுத்த இழுப்புக்கு வந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குக்கர் வாஷர் இறுகினால் பருப்பு வேகாது, அதற்குப் பருப்பைத் திட்டி என்ன பயன்? ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. இங்கேயும் எண்ணெய் அழுத்தம் அந்த இறுகிய வளையத்தைச் சுற்றி ஒழுகியிருக்கிறது. நெருக்கம் குறைந்ததால் தட்டு வழுக்கியிருக்கிறது. வழுக்கியதால் தீய்ந்திருக்கிறது. பல மாதம் எல்லோரும் தட்டு தட்டு என்று தவம் கிடந்தோம்; வியாதியின் வேர் இந்த வளையம்.

"அப்போ பழைய தட்டே போதுமா மேஸ்திரி?"

"போதாதுண்ணே. ஆனா இதுவரைக்கும் இருந்ததுக்கு இது தேவல."

காட்டோரம் கிடந்த லாரியின் கியர் பெட்டியை பிர்சு கொடியை வெட்டிப் பிரித்துக் கொண்டுவந்தார். இரண்டு வண்டியின் தட்டுகளையும் கலந்து, வளையாதவற்றைப் பொறுக்க வேண்டும். சூட்டில் ஒரு தட்டு இம்மி கோணியிருந்தாலும் கட்டில் உட்காராது. கோணலைப் பார்க்கச் சமமான பரப்பு வேண்டும். என் மேஜைப் பலகை மழையில் அலை அலையாக இருந்தது.

"கண்ணாடி இருந்தா போதும்" என்றேன்.

கேம்ப்பில் ஜன்னல் கண்ணாடி ஏது? ஞானப்பூ அக்கா ஒரு நிமிடம் நின்று யோசித்தார். உள்ளே போய் மாதா படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியை மட்டும் என் கையில் கொடுத்தார். படத்தைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டார்.

"எண்ணெய் படாமத் திருப்பிக் குடுத்துரும்."

"எண்ணெய் படாம எப்படிக்கா?"

"அப்போ பட்டாலும் தொடச்சுக் குடும். கீறல் விழுந்துச்சுன்னா ஒம்ம அடுப்புல மண்ணள்ளிப் போட்டுருவேன்."

கண்ணாடிமேல் ஒவ்வொரு தட்டாக வைத்தோம். நான் ஒரு விளிம்பை அழுத்த, அண்ணன் எதிர் விளிம்பில் கன்னத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தால் தள்ளு. தெரியாவிட்டால் வை. கட்டுக்கு ஆறு பூச்சுத் தட்டு வேண்டும். இரண்டு லாரியையும் கூட்டிக் கிடைத்தது ஐந்து.

பழைய தட்டு புதிதைவிட மெலிசு, அதிலும் ஒன்று குறைவு. கட்டு உயரம் குறைந்தால் பிஸ்டன் வெகுதூரம் ஓடி, நெருக்காமல் நின்றுவிடும். ஆகவே காட்டு லாரியின் எஃகுத் தட்டுகளை இடையில் கூடுதலாகப் போட்டு உயரத்தை ஈடுகட்டினேன். இடைவெளி அளக்கும் கருவி என்னிடம் கிடையாது. ஹாக்சா பிளேடு மூன்று அடுக்கி நுழைத்தேன், நுழைந்தது. நான்கு நுழையவில்லை. அதுதான் என் அளவு. சரியா என்று கேட்க அந்தத் தீவில் ஆளில்லை.

ஞாயிறு சாயங்காலம் கியர் பெட்டி வண்டியில் ஏறியது. சுமையில்லாமல் கிடங்கைச் சுற்றினோம். நன்றாகவே ஓடியது. ஆனால் அது ஒன்றையும் நிரூபிக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆறு பேர் தூக்க வேண்டியதை ஐந்து பேர் தூக்குகிறார்கள். காலி வண்டியில் அது தெரியாது.

நான் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, நாளைக்கு வழக்கம்போல ஓட்டம் எடுத்துக்கங்க. மேல ஏறிட்டா முதலாளிக்குப் போதும். அவரு ஏறுதான்னுதான் பார்ப்பாரு. பிறகு கல்கத்தாவுலேர்ந்து அடுத்த பெட்டி வந்ததும் தட்டைப் பார்த்துக்கலாம்."

பிர்சுவும் தலையை ஆட்டினார். "ஹான் பாயி, மே ராஸ்தா காலி கரேகா." பாதையை நான் காலி செய்து தருகிறேன் என்றார்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை

யாரும் கூப்பாடு போடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார் அல்லவா, அந்த இடத்தில் விட்டேன்.

லாரி பின்னால் போய்ச் சமதரையில் நின்றது. ஹாரன் ஒலித்தது. நீளமாக, வழக்கம்போல. எனக்கு மூச்சு வந்தது. ஓட்டம் எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். ஏற்றத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் பழக்கத்தில் ஓரம் ஒதுங்குவது தூரத்தில் தெரிந்தது.

மூன்று மரத்தோடு வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது தரை அதிர்ந்தது. என்ஜின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு நின்றேன். வழுக்கினால் சத்தம் மட்டும் மேலே ஏறும். ஏறவில்லை. முதல் வளைவு போயிற்று. கால்வாசி. பாதி.

"ஏறுதுய்யா" என்றார் மாணிக்கம், வெற்றிலை வாயோடு. "ஏறுதுய்யா மேஸ்திரி!"

அப்போது லாரி நின்றது.

சரியாக நடு ஏற்றத்தில், மிகச் செங்குத்தான இடத்தில். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. மாணிக்கத்தின் கை என் தோளைப் பிடித்தது. வலித்தது. பிர்சு முட்டுக்கட்டையோடு மேலே ஓடினார், நானும் ஓடினேன். ஐந்து தட்டு, மூன்று பிளேடு, ஐந்து தட்டு என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பிர்சு சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுக்கக் குனிந்தார். ஜன்னலிலிருந்து அண்ணனின் கை வந்து ஆடியது. "வேண்டாம்வே. ரக்கோ மத்!"

நான் வண்டியின் முன்பக்கம் போனேன். பள்ளத்தில் முழங்கால் அளவு புல்லில் ஒரு வங்காளிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் குழந்தை. ரோட்டின் அந்தப் பக்கம் அவளுடைய வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை.

"ஜாவ் பெஹன், துமி ஜாவ்" என்று அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியையும் வங்காளத்தையும் ஒன்றாகக் குழைத்து, அவளைக் கடந்து போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் நகரவில்லை. அத்தனை மாதப் பழக்கம். விறகுக்கட்டு ஆட ஆடத் தலையை அசைத்து, "நஹீ பாயி, ஆப் ஜாவோ, காடி ருக் ஜாயேகா" என்றாள். நீங்கள் போங்கள், வண்டி நின்றுவிடும் என்று அவர்மேல் அவளுக்குக் கவலை.

"ருக் கயா! நின்னாச்சுல்லா? நீ போம்மா மொதல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். போகலாமா என்று கேட்டது அந்தப் பார்வை. எனக்குத் தெரியவில்லை. மேலே தூக்கிப் பிடித்திருந்த அந்தப் பெரிய பச்சை மூக்கின் முன்னால் யாரை நடக்கச் சொல்வது? பிர்சு குனிந்தபடியே இருந்தார். கீழே மாணிக்கம் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அவளே முடிவு செய்துகொண்டாள். ஒரு கையால் கட்டைப் பிடித்தபடி பள்ளத்திலிருந்து ஏறி, லாரியின் முன்னால், அவசரமில்லாமல் கடந்தாள். நடுவில் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று பார்த்தாள்.

அண்ணன் அவள் பாதைக்குள் கால் வைக்கும் வரை காத்திருந்தார். பிறகு கதவோரம் நீட்டியிருந்த இடது காலைக் கையால் சற்று வசதியாக நகர்த்தி வைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தார். லாரி ஒரு விரல்கடைகூடப் பின்னால் உருளாமல், நின்ற இடத்திலிருந்து மேலே ஏறிப் போனது.